அமெரிக்கப் பள்ளியில் பிள்ளையின் ஐ.இ.பி.க்கு (சிறப்புக் கல்விக்கான தனிநபர் கல்வித் திட்டத்துக்கு) அட்வகேட் வைக்க வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வாசிப்பில் ரொம்பவே பின்தங்கியிருக்கிறான். டீச்சரிடம் பலமுறை பேசிவிட்டோம். "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்கிறார். ஸ்பெஷல் எஜுகேஷன் அட்வகேட் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா? என்ன செலவாகும்?

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். (இங்கே அட்வகேட் என்றால் வக்கீல் அல்ல, பள்ளியோடு பேசப் பெற்றோருக்கு உதவும் ஆலோசகர்.) பள்ளியோடு இதுவரை நடந்ததெல்லாம் வாய்ப்பேச்சுதான் என்று தெரிகிறது. எழுத்தில் கேட்காதவரை பள்ளிக்குக் கெடு எதுவும் ஓடாது. அட்வகேட்டை இன்றே அமர்த்தினாலும் அவர் முதலில் செய்யப்போவது அந்தக் கடிதத்தை எழுதுவதுதான். அதை நீங்களே எழுதிவிடலாம்.

அரைப் பக்கம் போதும். டிஸ்ட்ரிக்டின் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டருக்கு எழுதி, பிரின்சிபாலுக்கு ஒரு நகல். பையனின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. "ஐடியா சட்டப்படி, குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கும் எல்லாத் துறைகளிலும் மதிப்பீடு செய்யக் கோருகிறோம்" என்று ஒரு வரி. (ஐடியா என்பது சிறப்புக் கல்விக்கான மத்தியச் சட்டம்.) அதற்குக் கீழே நீங்கள் கண்ணால் பார்த்தவை மூன்று நான்கு. "படிப்பில் மந்தம்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "முதல் வரியில் சரியாகப் படித்த சொல்லே மூன்றாம் வரியில் வரும்போது தெரியாமல், முதல் எழுத்தை வைத்து ஊகிக்கிறான், கால் மணி நேர வீட்டுப்பாடம் ஒரு மணி நேரம் இழுக்கிறது" என்று எழுதுங்கள். அச்சிட்டு, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட தேதியை எழுதி வாங்குங்கள். ஈமெயிலிலும் அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நியூ ஜெர்சியில் கடிதம் கிடைத்த 20 நாட்களுக்குள் உங்களை அழைத்துக் கூட்டம் போட வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் கோடை விடுமுறை நாட்கள் கணக்கில் சேரும். மதிப்பீட்டுக்கு நீங்கள் சம்மதக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மதிப்பீடு, சிறப்புக் கல்விக்குத் தகுதி உண்டா என்ற முடிவு, தகுதி இருந்தால் ஐ.இ.பி. எழுதி அமல்படுத்துவது என்று எல்லாமே முடிய வேண்டும். (மத்தியச் சட்டம் மதிப்பீட்டுக்கு மட்டும் 60 நாள் தருகிறது, மாநிலம் தனிக் கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும். மற்ற மாநிலத்துக்காரர்கள் உங்கள் ஊர்க் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) மதிப்பீடே தேவையில்லை என்று மறுத்தால், காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். பல இடங்களில் "பார்ப்போம்" என்கிற பேச்சு இந்தக் கட்டத்தில் நின்றுவிடும். வாயால் மறுப்பது சுலபம், கையெழுத்திட்டு மறுக்க யோசிப்பார்கள்.

டீச்சர் சொன்ன இரண்டு காரணங்களும் நிற்காது. ஆங்கிலம் போதாததே பிரச்சினைக்கு முக்கியக் காரணமாக இருந்தால்தான் தகுதியை மறுக்க முடியும். ஆங்கிலம் கற்பவருக்கான இ.எஸ்.எல். வகுப்பு பையனுக்குத் தேவையில்லை என்று பள்ளியே முடிவு செய்திருந்தால், அதே பள்ளி இப்போது தமிழைக் கைகாட்டுவது எப்படி? அந்த முடிவின் நகலைக் கேட்டு வாங்கிக் கடிதத்தோடு இணையுங்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். அதனால் வாசிப்புக் குறை தீராது. அடுத்து, "கொஞ்ச நாள்": வகுப்பில் கூடுதல் உதவி கொடுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

விசா பற்றிப் பலர் கேட்கிறார்கள். எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைக்கும் இந்த உரிமை முழுதாக உண்டு.

சரி, அட்வகேட்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய நேரம் எது? மதிப்பீட்டு அறிக்கைகள் கைக்கு வந்த பிறகு. நியூ ஜெர்சியில் தகுதிக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அறிக்கைகளைத் தந்துவிட வேண்டும். அந்தப் பத்து நாள்தான் முக்கியம். கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குரல் உயர்த்த ஆள் தேடாதீர்கள், முன்கூட்டியே காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, வாசிப்பின் மொத்த மதிப்பெண் 92 என்று முதல் பக்கத்தில் இருக்கும். சராசரி 100, பரவாயில்லை என்று தோன்றும். உள்ளே போனால் ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கும் தேர்வில் 78 இருக்கும். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து ஏழாவது இடம் அது. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு என்று சந்தேகிக்க வேண்டிய இடமே அதுதான், மொத்த மதிப்பெண் அதை மூடிவிடும். நல்ல அட்வகேட் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

ஐ.இ.பி. வந்ததும் சேவைகள் பக்கத்தை முதலில் படியுங்கள். "தேவைக்கேற்ப", "30 நிமிடம் வரை" என்று இருந்தால் நடைமுறையில் சைபர் கூட ஆகலாம். எத்தனை நிமிடம், வாரம் எத்தனை முறை, தனியாகவா குழுவிலா, எந்தப் பதவியில் இருப்பவர் சொல்லித்தருவார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இலக்கும் அப்படித்தான். "வாசிப்பு மேம்படும்" என்பது இலக்கு அல்ல. "இரண்டாம் வகுப்புப் பத்தியை நிமிடத்துக்கு 80 சொல், 95 சதவீதப் பிழையின்மையோடு, நான்கு முயற்சியில் மூன்றில்" என்பது இலக்கு. இப்போது எத்தனை சொல் படிக்கிறான் என்ற தொடக்க எண் இல்லாவிட்டால் அதுவும் வீண். வருட முடிவில் எதை வைத்து ஒப்பிடுவீர்கள்?

அட்வகேட் வக்கீல் அல்ல என்று முதலிலேயே சொன்னேன். இந்தத் தொழிலுக்கு லைசென்ஸும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் முதல் பேச்சிலேயே கேளுங்கள்: எங்கே பயிற்சி, இந்த டிஸ்ட்ரிக்டில் முன்பு எத்தனை கேஸ், மதிப்பெண் அட்டவணையைத் தானே படித்து விளக்குவாரா, விவகாரம் முற்றினால் எந்த வக்கீலிடம் அனுப்புவார். கோப்பைப் பார்க்காமலேயே "தனியார் பள்ளிக்கு டிஸ்ட்ரிக்ட் செலவிலேயே அனுப்ப வைக்கிறேன்" என்று உறுதி தருபவரிடமும், எடுத்த எடுப்பில் சண்டைக்கு நிற்பவரிடமும் போகாதீர்கள். அந்தப் பள்ளியோடு நீங்கள் இன்னும் பல வருடம் காலந்தள்ள வேண்டும்.

செலவு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கு 100 முதல் 200 டாலர் வரை பரவலாகக் கேட்கிறார்கள், அனுபவஸ்தர் அதற்கு மேலும். கோப்பு படிக்க மூன்று நான்கு மணி, உங்களோடு பேச ஒன்று, கூட்டத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் முதல் சுற்றுக்கே ஆறேழு மணி ஆகிவிடும். மொத்தத் தொகை முன்பணமாகக் கேட்டால் மறுத்து, கோப்பு படிப்பதற்கு மட்டும் முதலில் அமர்த்துங்கள். இந்தப் பணம் பள்ளியிடமிருந்து திரும்ப வராது. வழக்கில் வென்ற பெற்றோருக்கு வக்கீல் கட்டணம் கிடைக்கலாம், அட்வகேட் போன்ற நிபுணரின் கட்டணம் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2006ல் தீர்ப்பளித்துவிட்டது. அட்வகேட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஸ்பான் அமைப்பைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு நிதியில் நடக்கும் நியூ ஜெர்சியின் பெற்றோர் பயிற்சி மையம் அது, இலவசம். இப்படி ஒன்றாவது எல்லா மாநிலத்திலும் உண்டு. உங்களில் யாருக்காவது ஆங்கிலத்தில் கூட்டம் நடந்தால் சிரமம் என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பள்ளியின் மதிப்பீட்டோடு உடன்பாடு இல்லையென்றால், அட்வகேட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி மதிப்பீடு கேட்டு எழுதுங்கள். அவர்கள் ஏற்க வேண்டும், அல்லது தங்கள் மதிப்பீடு சரி என்று நிரூபிக்க டியூ பிராசஸ் விசாரணைக்கு (பெற்றோர்-பள்ளி தகராறைத் தீர்க்கும் முறையான விசாரணைக்கு) தாங்களே போக வேண்டும். வெறுமனே மறுக்க முடியாது. விசாரணை வரை போனால் வக்கீல்தான். நியூ ஜெர்சியில் நிரூபிக்கும் சுமை டிஸ்ட்ரிக்டின் தலையில் இருக்கிறது, பெரும்பாலான மாநிலங்களில் அது பெற்றோர் மேல். பிரச்சினை தெரியவந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

ஒன்றில் மட்டும் பலர் ஏமாறுகிறார்கள். முதல் ஐ.இ.பி. உங்கள் கையெழுத்து இல்லாமல் தொடங்காது. அடுத்த வருடங்களின் ஐ.இ.பி. அப்படி அல்ல: நியூ ஜெர்சியில் எழுத்து அறிவிப்பு வந்த 15 நாளில் நீங்கள் மத்தியஸ்தமோ விசாரணையோ கேட்டு மனு போடாவிட்டால், கையெழுத்தே போடாமல் இருந்தாலும் அது அமலுக்கு வந்துவிடும். "கையெழுத்து போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்று சும்மா இருக்க வேண்டாம். கடித உறையிலோ ஈமெயிலிலோ உள்ள தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள்.