கையுறை போட்ட மகனும் கனடாப் பெரியப்பாவும்

அக்கா, நீங்களும் அண்ணாவும் மகனைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்து, அவன் இனி என்ன படிப்பது என்று கதைத்துவிட்டுப் போன பிறகு இதை எழுதுகிறேன். ஹாவோ (இங்கே நெதர்லாந்தில் தொழில்சார் உயர்கல்விக்குக் கொண்டுபோகிற பள்ளிப் பிரிவு) நான்காம் வகுப்பு, உயிரியலில் பத்துக்கு ஐந்தரை, பின்னேரமெல்லாம் கால்பந்துக் கீப்பர் கையுறையோடு மைதானத்தில். பயப்படாதீர்கள், பிள்ளை கெட்டுப்போகவில்லை. ஆறுதல் இவ்வளவுதான். இனி நேரே சொல்கிறேன்.

கனடாப் பெரியப்பா சொன்ன பல்கேரிய டொக்டர் படிப்பை மறந்துவிடுங்கள். ஆறு வருடம், வருடத்துக்குப் பல ஆயிரம் யூரோ, அதற்கு வீட்டை வைத்துக் கடன். உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற பிள்ளைக்கா? கலியாண வீடுகளில் கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். கேட்கிறவர்கள் யாரும் கடன் கட்ட வரப்போவதில்லை.

கீப்பராகவே பிழைக்க நினைக்கிற உங்கள் மகனுக்கும் ஒன்று. தம்பி, பதினாறு வயதில் நீ எந்தத் தொழில்முறைக் கழகத்தின் இளையோர் அணியிலும் இல்லை. ஓர் அணிக்கு ஒரு கீப்பர்தான். கீப்பர் ஆண்ட்ரீஸ் நோப்பர்ட் 28 வயதில், 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில்தான் நெதர்லாந்துக்கு முதல்முறை ஆடினார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய குடும்பத்தாரே 'பொலிஸில் சேர்' என்றிருந்தார்கள். அவர் தப்பினார் என்பதற்காக அதை ஒரு திட்டமாக எடுக்காதே.

நீ பார்க்க வேண்டியவர் ஃபிரான்ஸ் ஹூக். ஹோர்னில் பிறந்தவர், 1973 முதல் 1985 வரை ஃபோலண்டாம் கழகத்தின் கீப்பர். அதோடு நின்றிருந்தால் அந்த ஊருக்கு வெளியே எத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும்? 1985இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கழகத்துக்குக் கீப்பர் பயிற்சியாளராகப் போனார். கீப்பர் காலாலும் ஆட வேண்டும் என்பது அங்கே அணியை நடத்திய யோஹான் க்ரைஃபின் பிடிவாதம். சக வீரர் காலால் தருகிற பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று 1992இல் விதி வந்தபோது மற்றக் கழகங்கள் தடுமாறின, அயாக்ஸுக்கு அது பழகிய வேலை. அவரிடம் பயின்ற எட்வின் வான் டெர் சார் 1995இல் ஐரோப்பியக் கிண்ணம் தூக்கினார். பிறகு ஹூக் பார்சிலோனா, பயர்ன், மான்செஸ்டர் யுனைடெட் கழகங்களிலும் கீப்பர் பயிற்சியாளர். 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில், கொஸ்டா ரிக்காவுக்கு எதிராக, மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில், பெனால்டிக்காகவே கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் க்ருலை இறக்கினார்களே, அந்த நெதர்லாந்து அணியின் கீப்பர் பயிற்சியாளரும் இவர்தான். க்ருல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். (அரையிறுதியில் மாற்று வீரர் வாய்ப்பு முடிந்துபோய் அதே வித்தையைக் காட்ட முடியாமல் தோற்றதும் உண்மை.)

ஹூக்கை உயர்த்தியது பந்து பிடித்த கை இல்லை, படிப்பிக்கத் தெரிந்த மூளை. அதற்கு இங்கே ஒரு வாசல் இருக்கிறது, நம்மவர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை: ஆலோ, உடற்கல்வி ஆசிரியர் பட்டப்படிப்பு. ஆம்ஸ்டர்டாம், டென் ஹாக், ஸ்வோல, க்ரோனிங்கன், நைமேகன் ஊர்களில் நான்கு வருடம். ஹாவோ முடித்தால் போதும், பல்கலைக்கழகத்துக்கான ஃபேவேயோ தேவையில்லை. ஆனால் சேருமுன் உடல்தகுதியும் ஆட்டத்திறனும் பார்ப்பார்கள். பாய்ந்து பிடிக்கத் தெரிந்தால் மட்டும் காணாது: ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், நடனம் எல்லாம் உண்டு. நடனம் என்றதும் தம்பி முகம் சுளித்ததைக் கவனித்தேன், பழகிக்கொள்ளட்டும். உடல் எப்படி இயங்குகிறது, பயந்த பிள்ளையை எப்படி ஆட வைப்பது என்பதும் பாடம்தான். பள்ளிக்கூடப் பயிற்சியும் சேர்ந்தே போகும். முடித்தவர் ஆரம்பப் பள்ளி முதல் தொழிற்கல்விக் கல்லூரி வரை படிப்பிக்கலாம். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் கழகம். கீப்பர் பயிற்சியாளருக்கென்று நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கமே தனிப் பயிற்சி நடத்துகிறது, அதைப் பக்கத்தில் வைத்தே முடிக்கலாம்.

செலவு? 2025–26 கல்வியாண்டில் சட்டப்படியான கட்டணம் 2,601 யூரோ. அரசின் அடிப்படை உதவித்தொகை, பத்து வருடத்துக்குள் பட்டம் எடுத்தால் திருப்பிக் கட்டத் தேவையில்லாதது. வீட்டை வைக்க வேண்டாம். அண்ணா கேட்ட தனியார் கீப்பர் கோடைமுகாமுக்கும் ஒரு சதம் கொடுக்காதீர்கள், அந்தக் காசு கணக்கு ரியூஷனுக்குப் போகட்டும்.

ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்த பிள்ளை, புதன் பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டதும் எழும்பி நின்று, கால் எங்கே வைக்க வேண்டும் என்று என் அலுவலகத் தரையில் காட்டினானே, நீங்களும் பார்த்தீர்கள். ஆலோவின் அறிமுக நாளுக்கு மூன்று பேரும் போய்வாருங்கள். பெரியப்பா போன் எடுத்தால் என் நம்பரைக் கொடுங்கள்.