பாரிசிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் பிள்ளைகளை இருமொழித் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பாரிசில் பிறந்து வளர்ந்த இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 11 வயது, இளையவனுக்கு 7. குடும்பமாகக் கிளிநொச்சிக்குக் குடிவருகிறார்கள். ஆங்கிலமும் தமிழும் படிப்பிக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் பள்ளியில் சேர்ப்பதா, அரசாங்கப் பள்ளியில் சேர்ப்பதா?

நான் கிளிநொச்சிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறவன். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயம், இளையவனை வீட்டுக்குக் கிட்ட உள்ள அரசாங்கப் பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு தவணைக்குள் பக்கத்து வாங்குப் பிள்ளையோடு தமிழில் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடும். பிறகு அவனைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூத்தவளுக்குத்தான் யோசிக்க வேண்டும். எந்தப் பள்ளி என்று தேட முன்னம், பதினாறு வயதில் அவள் எந்தச் சோதனை எழுதப் போகிறாள் என்று முடிவெடுங்கள். இங்கே இரண்டு பாதை. ஒன்று நம்முடைய சாதாரண தரம், அதாவது இலங்கை அரசாங்கத்தின் ஓ எல் சோதனை. மற்றது ஊரில் 'லண்டன் ஓ எல்' என்று சொல்கிற கேம்பிரிட்ஜ், எடெக்செல் சோதனைகள். தனியார் பள்ளிகளில் சில முதலாவதற்கும் சில இரண்டாவதற்கும் ஆயத்தப்படுத்துகின்றன. இரண்டுக்கும் செய்கிறோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால், போன வருடம் எத்தனை பிள்ளைகள் எந்தச் சோதனைக்கு இருந்தார்கள், எந்த ஊர் மண்டபத்தில் எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

உள்ளூர்ச் சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். அதில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். ஆங்கில மொழிமூலத்தில் படித்தாலும் தமிழ் மொழியும் இலக்கியமும் என்ற பாடத்தைத் தமிழில்தான் எழுத வேண்டும். பிரான்சில் தமிழ்ச்சோலை என்ற தமிழ்ப் பள்ளியில் சனி ஞாயிறில் படித்த தமிழை அந்த மட்டத்துக்குக் கொண்டுவர ஐந்து வருடம் இருக்கிறது. 11 வயதென்றால் முடியும். 14 வயதில் வந்திருந்தால் லண்டன் பாதையைத்தான் சொல்லியிருப்பேன்.

உள்ளூர்ப் பாதையில் இன்னொரு நன்மையையும் பலர் கவனிப்பதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குக் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையில் எடுக்கிறார்கள், 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே படித்து உயர்தரம் (ஏ எல்) எழுதுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி. லண்டன் ஏ எல் எழுதினால், உள்ளூர் உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற இசட் புள்ளி வரிசைக்குள்ளேயே வரமாட்டாள். அவள் மறுபடி பிரான்சுக்கே படிக்கப் போவாள் என்றால் அது பிரச்சினை இல்லை. இதை வீட்டில் ஒளிவுமறைவில்லாமல் கதைத்துவிடுங்கள். இரண்டு வருடம் இருந்து பார்ப்போம் என்ற எண்ணமா, நிரந்தரமா? இரண்டு வருடக் கதை என்றால் தனியார் பள்ளி சரி.

அடுத்தது பள்ளியின் தரம். இலங்கையில் 'இன்ரநாஷனல்' என்று பெயர் போட்ட பள்ளிகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். கல்வியமைச்சு அவற்றை அரசாங்கப் பள்ளிகளைப் போல மேற்பார்வை செய்வதில்லை. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் எடுத்தபோது புதிய தனியார் பள்ளி தொடங்குவதற்கும் சட்டம் கதவைச் சாத்தியது. பிறகு வந்தவர்கள் வியாபாரம் என்ற வாசலால் வந்தார்கள். அதனால் எல்லாம் மோசம் என்றில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சின்ன அளவில் நடக்கும் பள்ளிகளில் பிள்ளைகளை அன்பாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரீச்சரின் தகைமையை உங்களுக்காக வேறு யாரும் பார்த்து வைத்திருக்கமாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? கண்ணாடிக் கதவையும் கழுத்துப்பட்டியையும் பார்த்து மயங்காதீர்கள் (ஓகஸ்ட் வெயிலில் அந்தக் கழுத்துப்பட்டி யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை). தரம் 5 அல்லது 6 பிள்ளை ஒன்றின் ஆங்கிலக் கொப்பியையும் விஞ்ஞானக் கொப்பியையும் வாங்கிப் புரட்டுங்கள். பக்கம் பக்கமாக அழகான எழுத்து, ஒரு பிழையும் இல்லை, எல்லாப் பிள்ளையின் கொப்பியிலும் அதே வசனம் என்றால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பிள்ளை தானாக எழுதிய நாலு வரி, அதில் பிழை, பிழைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ரீச்சர் எழுதிய ஒரு குறிப்பு, அதற்குக் கீழே பிள்ளை திருத்தி எழுதியது, இப்படி இருந்தால் அங்கே படிப்பு நடக்கிறது. இடைவேளையில் ஒருதரம் போய் நில்லுங்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும் முற்றத்தில் தமிழ்தான் கேட்கும். உங்கள் மகளுக்கு அது நல்லதுதான். ஆனால் அங்கே நாள் முழுக்க ஆங்கிலம் கதைப்பார்கள் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் மகளின் பலமான மொழி தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பிரெஞ்சு. பிரான்சில் ஆங்கிலம் அவளுக்கு ஒரு பாடம் மட்டும்தான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு ஆங்கில மொழிமூலம் ஒரு கைத்தடி. உங்கள் பிள்ளைக்கு அதுவும் புது மொழி. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பிரான்சிலிருந்து வந்து வகுப்பில் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. மூன்றரையை 3,5 என்று காற்புள்ளி போட்டு எழுதுவாள், பிரான்சில் அப்படித்தான். வகுத்தல் என்றால் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் போட்டு, விடையை அதற்குக் கீழே எழுதுவாள். நாங்கள் இடப்பக்கம் போட்டு விடையை மேலே எழுதுகிறவர்கள். திருத்தியவர் காற்புள்ளியைக் கண்டதும் பிழை போட்டுவிட்டார். விடை சரி. வாயால் கேட்டால் உடனே சொல்வாள். ஆனால் வசனக் கணக்கில் பகுதியெண், தொகுதியெண் (பின்னத்தின் கீழ் எண், மேல் எண்) என்று வந்தால் பேனா நின்றுவிடும். இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவை பக்கத்தில் இருந்து அவளுடைய கணக்கை அவளுடைய முறையிலேயே வாசிக்கக்கூடிய ஒரு ஆசிரியர். அவர் தனியார் பள்ளியில் இருக்கலாம், ஓலைக் கொட்டில் ரியூசனிலும் இருக்கலாம்.

வர முன்னம் வீட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாக இருக்கின்றன, தமிழ் மொழிமூலமும் ஆங்கில மொழிமூலமும். தரம் 6 கணிதப் புத்தகத்தின் ஒரே அலகை இரண்டிலும் எடுத்து, எதில் அவள் குறைவாகத் தடுக்குப்படுகிறாள் என்று பாருங்கள்.

அரசாங்கப் பள்ளியிலும் இருமொழிக் கல்வி உண்டு என்பது வெளிநாட்டில் இருக்கிற நிறையப் பேருக்குத் தெரியாது. 2000களின் தொடக்கத்தில் வந்த திட்டம். தரம் 6 இலிருந்து கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் படிக்கலாம்; தமிழ், சமயம், வரலாறு தமிழில். கட்டணம் இல்லை, புத்தகமும் இலவசம். உங்கள் மகள் வரும் வயதும் சரியாக அந்த இடம்தான். ஆனால் கிளிநொச்சி அடங்கிய வன்னியில் இது எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. 2009 வரை போர், பிறகு மீள்குடியேற்றம், கூரை போட்டு மேசை கதிரை வந்தபிறகுதான் இதையெல்லாம் யோசிக்க முடிந்தது. ஆங்கிலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் எடுக்கக்கூடியவர்கள் குறைவு, இருக்கிறவருக்கும் இடமாற்றம் வந்தால் வகுப்பு தமிழுக்குத் திரும்பிவிடும். அதனால் பெயர் பெற்ற பள்ளியா என்று கேட்காமல், இந்த வருடம் தரம் 6, 7 இல் ஆங்கில மொழிமூலம் யார் எடுக்கிறார் என்று அதிபரிடமே கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் அங்கே சேருங்கள். இல்லாவிட்டால் தமிழ் மொழிமூலம், பின்னேரத்தில் ஆங்கிலம் தனியாக. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பு, தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளும் அங்கே போய்த் தாண்டி வருகிறார்கள்.

பிரம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். சுற்றறிக்கைப்படி அடிக்கக்கூடாது. ஆனாலும் சில இடங்களில் மேசையில் கிடக்கிறது, தனியாரிலும் அரசாங்கத்திலும். சேர்க்கும் அன்றே அதிபரிடம் மரியாதையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கடதாசிகள். பிள்ளைகளின் குடியுரிமையை முதலில் பாருங்கள். நீங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால், இரட்டைக் குடியுரிமை வேலையைப் பாரிசில் இருக்கும்போதே தூதரகத்தில் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு வருடத் தேர்ச்சி அறிக்கை எல்லாவற்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவாருங்கள். இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும், அதனால் டிசம்பரில் வந்து இறங்கினால் பிள்ளைக்கு நடுவகுப்பில் போய் உட்காரும் சங்கடம் இல்லை. பிரெஞ்சு முறையில் படிப்பிக்கும் பள்ளி கொழும்பில் இருக்கிறது, கிளிநொச்சியிலிருந்து தினமும் போய்வரும் தூரம் இல்லை. பிரெஞ்சு அரசின் தொலைக்கல்வி நிறுவனமான க்னெட் வெளிநாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று மேலதிகப் பாடநெறி நடத்துகிறது. மூத்தவளுக்கு அதைப் பதிந்துவிட்டு வாருங்கள். பிரெஞ்சு எழுத்து விடுபடாமல் இருக்கும், திரும்பிப் போக வேண்டி வந்தாலும் கை கொடுக்கும்.