ஒய் ரேட்டிங் டயரில் ஆணி: ஸ்ட்ரிப் போட்டால் போதுமா?

கேள்வி: என் காரின் பின்சக்கர டயர் 255/35 இசட்ஆர் 19, 96 ஒய் (ஒய் என்பது டயர் தாங்கும் வேகத்துக்கான குறி). காற்று இரண்டே நாளில் 36 பிஎஸ்ஐயிலிருந்து 28க்கு இறங்கிவிட்டது. ஓரப் பள்ளத்துக்குச் சற்று உள்ளே ஓர் ஆணி ஏறியிருக்கிறது, இன்னும் பிடுங்கவில்லை. டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஸ்ட்ரிப் (துளையை அடைக்கும் ரப்பர் திரி) செருகி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். டயர் பாதிகூடத் தேயவில்லை. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுவேன். ஸ்ட்ரிப் போதுமா, உள்ளே பேட்ச் போட வேண்டுமா, டயரையே மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்ட்ரிப் மட்டும் போதாது. நட்டநடு வழியில் மாட்டிக்கொண்டால் கடை வரை போய்ச் சேர அது உதவும், அவ்வளவுதான். ஒட்டலாமா மாற்றலாமா என்பதை, டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்த பிறகே சொல்ல முடியும். வெளியே பார்த்துவிட்டு யார் தீர்ப்புச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆணியைப் பிடுங்காமல் விட்டது நல்ல காரியம். இப்போதைக்கு அதுதான் அடைப்பு. காற்றை நிறுத்த வேண்டிய அளவுக்கு ஏற்றி, மெதுவாக, கிட்டத்தில் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். காற்று நிற்கவில்லை என்றால் ஓட்டவே வேண்டாம். ஸ்டெப்னி மாற்றுங்கள், அல்லது வண்டியைத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். உங்கள் டயரின் பக்கச்சுவர் உயரம் வெறும் 89 மி.மீ. காற்றில்லாமல் சிறிது தூரம் உருண்டாலே ரிம்முக்கும் தரைக்கும் நடுவே அது நசுங்கிவிடும். ஆணித் துளையைச் சரிசெய்யலாம், நசுங்கிய பக்கச்சுவரைச் சரிசெய்ய வழியில்லை.

ஸ்ட்ரிப் ஏன் போதாது? டயர் ஒரே ரப்பர் கட்டி அல்ல. தரையில் படும் டிரெட்டுக்கு அடியில் நைலான் அல்லது அராமிட் இழையைச் சுற்றிய உறை இருக்கிறது. அதன் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள், அதற்கும் கீழே பாலியெஸ்டர் அல்லது ரேயான் இழைத்துணி, கடைசியில் காற்றைப் பிடித்து வைக்கும் மெல்லிய ரப்பர் படலம். ஆணி இத்தனையையும் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறது. ஸ்ட்ரிப் துளையில் நெருக்கிக்கொண்டு நிற்குமே தவிர, உட்படலத்தின் கிழிசலை மூடாது. காற்று அந்த வழியே அடுக்குகளுக்கு நடுவே மெல்ல ஊரும். உள்ளே பேட்ச் மட்டும் ஒட்டினால் கதை தலைகீழ்: காற்று நிற்கும், ஆனால் வெளியிலிருந்து துளை வழியே தண்ணீர் புகுந்து எஃகுக் கம்பியைத் துருவாக்கும். துருப்பிடித்த கம்பியில் ரப்பர் பிடிப்பு விட்டுப்போகும். நாளடைவில் டிரெட் புடைத்துப் பிரியும். அதனால் துளைக்குள் ரப்பர் தண்டு, உள்ளே பேட்ச் இரண்டும் வேண்டும். இரண்டும் ஒரே துண்டாக வருவதுதான் மஷ்ரூம் பேட்ச்.

ஸ்ட்ரிப்பில் இன்னொரு கெடுதலும் உண்டு. அதைச் செருகுவதற்கு முன் முறுக்கூசியை விட்டுத் துளையைக் குடைவார்கள். அந்த ஊசி ஆணி போன சாய்வில்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. புதிதாக வேறு வழி போட்டுக் கம்பிகளை அறுத்துவிடலாம். டயர் துறையின் பொது வரம்பு துளைக்கு 6 மி.மீ. 3 மி.மீ. ஆணி போட்ட துளை, குடைந்த பிறகு இந்த வரம்பைத் தாண்டினால், ஒட்டியிருக்கக்கூடிய டயர் அங்கேயே வீணாகிவிடும்.

வேகம் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். உங்கள் டயரின் விட்டம் சுமார் 66 செ.மீ. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 27 சுற்று சுற்றும். டிரெட்டில் இருக்கும் ஒரு கிராம் ரப்பரை அப்போது வெளியே இழுக்கும் விசை, கிட்டத்தட்ட 950 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 100 கி.மீ. வேகத்தில் இதே விசை 240 கிராம்தான். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். அதோடு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் தரையில் பட்டுத் தட்டையாகி மறுபடி விரிகிறது. சாதாரணக் காரில் ஸ்ட்ரிப் நாள்கணக்கில் தாக்குப்பிடித்தது என்பதை வைத்து இந்த டயருக்கு முடிவெடுக்கக் கூடாது.

இனி துளை விழுந்த இடம். இரு பக்கமும் ஓரத்தில் ஓடும் பெரிய பள்ளங்களுக்கு இடைப்பட்ட பகுதிதான் ஒட்டத் தகுந்தது. டிரெட் பக்கச்சுவரோடு சேரும் தோள்பட்டையிலும் பக்கச்சுவரிலும் கை வைக்கவே கூடாது. எஃகுப் பட்டைகள் முடியும் இடம் தோள்பட்டை. டயர் அதிகம் மடங்குவதும் சூடாவதும் அங்கேதான். பெர்ஃபார்மன்ஸ் டயர்களில் வளைவுகளில் பிடிப்புக்காகத் தோள்பட்டைப் பாளங்களை அகலமாக வைக்கிறார்கள். அதனால் 255 மி.மீ. அகலம் இருந்தும் ஒட்டத் தகுந்த பகுதி கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறுகல். உங்கள் ஆணி பள்ளத்துக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது என்றாலும், அது வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஏறியிருந்தால் உட்புறத் துளை தோள்பட்டையில் விழுந்திருக்கும். அப்படியானால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

கழற்றியதும் முதலில் பக்கச்சுவரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். மிளகுத் தூள் போலக் கருப்பு ரப்பர் பொடி உள்ளே கிடந்தாலோ, சுவரைச் சுற்றி வளையமாகச் சுருக்கமோ உராய்ந்த தடமோ தெரிந்தாலோ, டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். அதை ஒட்டக் கூடாது. காற்று 28க்குக் கீழே எப்போதாவது போனதா என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்; அந்தப் பொடி சொல்லிவிடும். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும்படி கேம்பர் (சாய்வுக் கோணம்) அதிகம் வைத்த கார்களில் டிரெட்டின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். நின்று பார்த்தால் தெரியாத அந்த விளிம்பையும் இப்போதே பாருங்கள். எங்காவது 1.6 மி.மீ.க்குக் கீழே பள்ளம் தேய்ந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை.

டயர் இத்தனையும் தேறிவிட்டால் ஒட்டும் வேலை. இதை நீங்களே வீட்டில் செய்ய வேண்டாம். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள் என்பது தெரியும்.

ஆணியைப் பிடுங்கியதும் குத்தூசி விட்டுச் சாய்வைப் பார்க்க வேண்டும். சாய்வு 25 பாகைக்கு மேல் போனால் மஷ்ரூம் பேட்ச் சரியாக உட்காராது. தண்டும் பேட்சும் தனித்தனியாகப் போட வேண்டும். அடுத்து டயரை வார்க்கும்போது அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசி, உட்படலத்தில் தங்கியிருக்கும் எண்ணெயை கிளீனர் தெளித்துச் சுரண்டி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேய்த்தால் எண்ணெய் ரப்பருக்குள்ளேயே அப்பிக்கொள்ளும். பிறகு மெதுவாகச் சுழலும் கார்பைடு கட்டரை ஆணி போன திசையிலேயே உள்ளிருந்து வெளியே மூன்று முறையாவது ஓட்ட வேண்டும். பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகள் அப்போதுதான் மழுங்கும். இல்லையென்றால் அவையே புதுத் தண்டை அறுக்கும்.

பேட்சைவிடச் சற்றுப் பெரிதாக உட்புறத்தை பஃப் செய்ய, அதாவது தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். கருவியின் வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரப்பர் கருகும். வெல்வெட் துணி போல மேற்பரப்பு மங்கலானதும் நிறுத்திவிட வேண்டும். அடியில் இழை தெரிந்துவிட்டால் டயர் போனது போனதுதான். பொடியை வேக்குவம் கொண்டு உறிஞ்ச வேண்டும். கம்ப்ரெஸர் காற்றால் ஊதினால் அதிலுள்ள ஈரமும் எண்ணெயும் சுத்தம் செய்த இடத்திலேயே படியும்.

பெரும்பாலும் வேலை கெடுவது சொல்யூஷன் (பேட்சை ஒட்டும் பசை) தடவும்போதுதான். மெல்லிய ஒரே பூச்சாகத் தடவி, பளபளப்பு மறைந்து ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காயவிட வேண்டும். வழக்கமாக 3 முதல் 5 நிமிடம். ஈரக்காற்று அடித்தால் கூடுதலாகும். ஈரமாக இருக்கும்போதே பேட்சை ஒட்டினால் கரைப்பான் ஆவி உள்ளே சிக்கிக் குமிழ் கட்டும். சூடு காட்டி அவசரமாகக் காயவைக்க விடாதீர்கள். தண்டை உள்ளிருந்து இழுத்து வெளியே எடுத்ததும், டயரை விரித்துப் பிடிக்காமல் அதன் இயல்பான வடிவில் விட்டு, உருளையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தி உருட்ட வேண்டும். வெளியே நீட்டும் தண்டை இழுக்காமல், டிரெட்டுக்கு மேல் சுமார் 3 மி.மீ. விட்டு வெட்டினால் போதும், ஓடியதும் தேய்ந்துவிடும். பேட்சின் விளிம்பையும் பஃப் செய்து மீந்த இடத்தையும் சீலர் பூசி மூடிவிட வேண்டும்.

உங்கள் டயருக்குள் சத்தத்தைக் குறைக்கும் ஃபோம் பட்டை இருந்தால், துளையைச் சுற்றி மட்டும் அளவாக வெட்டி, பசையைச் சுரண்டிவிட்டுத்தான் பேட்ச் போட முடியும். பாட்டில் சீலன்ட் ஏற்கெனவே ஊற்றியிருந்தால் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். காற்றழுத்த சென்சாரையும் சேர்த்துக் கழுவ வேண்டியிருக்கும். காற்றில்லாமலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர் என்றால், காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை வெளியே கண்டுபிடிப்பது கடினம் என்பதால், ஒட்டவே வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

இனி வேகம். ஒய் என்ற எழுத்து மணிக்கு 300 கி.மீ. வரை தாங்கும் என்பதற்கான குறி. ஒட்டிய பிறகும் அந்தத் தகுதி நிற்குமா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. சிலர் முறைப்படி ஒட்டினால் சரி என்கிறார்கள். சிலர் ஒட்டிய டயருக்கு வேகத் தகுதியே கிடையாது என்கிறார்கள். உங்கள் டயர் தயாரிப்பாளரின் கையேட்டில் இதைத் தேடிப் பாருங்கள். தெளிவாக அனுமதி இல்லையென்றால், ஒட்டிய டயரைச் சாதாரண வேகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் என் பதில் ஒன்றுதான்: புது டயர். அப்படி மாற்றும்போது அதே அச்சில் இருக்கும் மற்ற டயரும் அதே மாடலாக, ஏறக்குறைய அதே டிரெட் ஆழத்தில் இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் கார் என்றால் எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்பதைக் கார் கையேட்டில் பாருங்கள்.

மாட்டியதும் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துளை, வால்வு, ரிம் விளிம்பு மூன்றிலும் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். பேலன்சிங் கட்டாயம். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு டயரின் காற்றையும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதேபோல் காலையில் அளந்து பாருங்கள். மற்ற மூன்றும் அப்படியே இருந்து, இது மட்டும் 2 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் டயரைத் திரும்பக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒரு ஸ்ட்ரிப் செருகிவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.