ஃபைனான்ஸா மார்க்கெட்டிங்கா? மேஜரை விடுங்க, முதல்ல கோர்ஸ் வரிசையைப் பாருங்க

கேள்வி: சார், பிசினஸ் டிகிரி முதல் வருஷம் படிக்கிறேன். ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ள மேஜர், அதாவது எந்தப் பிரிவை ஆழமாப் படிக்கப் போறேன், எதுன்னு சொல்லணுமாம். வீட்ல ஃபைனான்ஸ் எடு, சம்பளம் நல்லா வரும்ங்கறாங்க. எனக்குக் கணக்குன்னா பயம், ஆளுங்களோட பேசிப் பழகறது பிடிக்கும், அதனால மார்க்கெட்டிங் போகலாமான்னு யோசனை. சீனியர் அண்ணன் ஒருத்தர் டபுள் மேஜர் போட்டுடு, ரெண்டும் கையில இருக்கும்ங்கறார். என்ன பண்ணட்டும்?

பதில்: மேஜர் பேரை நீங்க இன்னிக்கே முடிவு பண்ணத் தேவையில்ல, இன்னும் ஒரு வருஷம் இருக்கு. ஆனா அடுத்த செமஸ்டர்ல எந்த கோர்ஸ் எடுக்கறதுங்கறதை இப்பவே முடிவு பண்ணணும், ஏன்னா பிசினஸ் டிகிரில நிறைய பேர் மாட்டிக்கறது தப்பான மேஜர் எடுத்ததால இல்ல, எடுக்க வேண்டிய ஒரு கோர்ஸைத் தள்ளிப் போட்டதால.

அது எப்படின்னா, அக்கவுண்டிங் மேஜருக்கு முதல்ல அடிப்படை ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், அப்புறம் இன்டர்மீடியேட் ஒண்ணு, இன்டர்மீடியேட் ரெண்டு, அதுக்கு மேலதான் ஆடிட்டிங்கும் அட்வான்ஸ்ட் அக்கவுண்டிங்கும். ஒண்ணு முடிக்காம அடுத்ததுல உட்கார விடமாட்டாங்க, அதுலயும் சில கோர்ஸ் வருஷத்துக்கு ஒரே ஒரு செமஸ்டர்தான் நடக்கும், அதை விட்டா முழுசா ஒரு வருஷம் காத்திருக்கணும். மூணாவது வருஷம் நடுவுல வந்து அக்கவுண்டிங் எடுக்கறேன்னா டிகிரி நீளும். ஃபைனான்ஸும் இதே கதைதான், ஸ்டாடிஸ்டிக்ஸும் அக்கவுண்டிங்கும் முடிச்சாத்தான் கார்ப்பரேட் ஃபைனான்ஸ், அதை முடிச்சாத்தான் இன்வெஸ்ட்மென்ட்ஸ், டெரிவேட்டிவ்ஸ் எல்லாம். மார்க்கெட்டிங், எச்ஆர் (கம்பெனில ஆளுங்களை எடுக்கறது, கவனிச்சுக்கறது), மேனேஜ்மென்ட் மூணுலயும் இந்தச் சங்கிலி பொதுவா சின்னது, லேட்டா வந்தாலும் இடம் கிடைக்கும். ஃபைனான்ஸ் பாதையில ஆரம்பிச்சு மார்க்கெட்டிங்குக்கு மாறறது சுலபம், அங்கேருந்து இங்க வர்றதுதான் கஷ்டம்.

அதனால உங்க காலேஜ் கோர்ஸ் கேட்டலாக்கை எடுத்து கடைசி செமஸ்டர்லேருந்து பின்னோக்கி எழுதிட்டு வாங்க, எந்த கோர்ஸுக்கு எது முன்நிபந்தனை, எது எந்த செமஸ்டர்ல நடக்குதுன்னு. ஒரு சாயங்காலம் போதும். எழுதினதை அட்வைசர்கிட்ட காட்டுங்க, வெறுங்கையோட போய் எந்த மேஜர் நல்லதுன்னு கேட்டா பொதுவா ஒரு பதில்தான் வரும், சார்ட்டோட போனா இந்த கோர்ஸ் அடுத்த வருஷம் இருக்காது, இப்பவே எடுத்துடுங்கன்னு காரியத்துக்கு ஆகறதைச் சொல்வாங்க.

இப்ப அந்தக் கணக்கு பயத்துக்கு வருவோம். ஃபைனான்ஸ்ல டிகிரி லெவல்ல தேவைப்படற கணக்கு நீங்க நினைக்கற அளவுக்குப் பயங்கரம் இல்ல, உதாரணத்துக்கு இதைப் பாருங்க. ஒரு திட்டத்துல இன்னிக்கு 1000 போடணும், அடுத்த வருஷம் 600, அதுக்கடுத்த வருஷம் 600 திரும்பி வரும். கூட்டினா 1200, லாபம்னு தோணும். ஆனா அதே ரிஸ்க் உள்ள வேற இடத்துல அந்தப் பணம் வருஷத்துக்கு 10 சதவீதம் சம்பாதிக்கும்னா, பின்னால வர்ற பணத்துக்கு இன்னிக்கு மதிப்பு கம்மி, அதனால முதல் 600-ஐ 1.1 ஆல வகுங்க, 545 சொச்சம், ரெண்டாவது 600 ரெண்டு வருஷம் கழிச்சு வர்றதால 1.1-ஐ 1.1 ஆல பெருக்கின 1.21 ஆல வகுங்க, 496 கிட்ட, மொத்தம் 1041, போட்ட 1000-ஐ விட அதிகம், சரி போடலாம். அதே இது 15 சதவீதம்னா மொத்தமே 975-தான் வருது, போட்ட 1000-ஐ விடக் கம்மி, வேண்டாம்னு விட்டுடணும். கணக்குன்னு பார்த்தா இதுல வகுத்தலும் கூட்டலும்தான். கஷ்டம் எங்கன்னா 10-ஆ 15-ஆன்னு முடிவு பண்றதுலயும், அந்த 600 நிஜமா வருமாங்கறதுலயும். இதைப் படிக்கும்போது ஏன் 15 ஆச்சுன்னு நோண்டத் தோணுச்சுன்னா ஃபைனான்ஸ் உங்களுக்கு ஒத்து வரும், கொட்டாவி வந்துதுன்னா சம்பளத்துக்காக மட்டும் போகாதீங்க, வேலை முழுக்க இதேதான் பெரிய ஷீட்ல.

அடுத்து, கணக்கு வேண்டாம்னு மார்க்கெட்டிங் போறவங்க நிறைய பேர் மேஜர் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே முழிக்கறாங்க, ஏன்னா மார்க்கெட்டிங் ரிசர்ச்னு ஒரு கோர்ஸ் உட்கார்ந்திருக்கும், அதுல ஸ்டாடிஸ்டிக்ஸ் நிறைய. ஒரு விளம்பரத்தை ரெண்டு விதமா எழுதி ஆளுக்கொண்ணு காட்டறோம், ஒண்ணை 4 சதவீதம் பேர் கிளிக் பண்றாங்க, இன்னொண்ணை 5 சதவீதம். எது நல்ல விளம்பரம்? ஒவ்வொண்ணையும் 200 பேருக்குக் காட்டியிருந்தா அது 8 பேருக்கும் 10 பேருக்கும் உள்ள வித்தியாசம், சும்மா தற்செயலாவே வரலாம், ஒண்ணும் சொல்ல முடியாது. 20,000 பேருக்குக் காட்டியிருந்தா 800-க்கும் 1000-க்கும் வித்தியாசம், அது தற்செயல்னு ஒதுக்க முடியாது. இன்னிக்கு மார்க்கெட்டிங் டீம்ல தினசரி நடக்கற பேச்சு இதுதான், ஸ்லோகன் எழுதறது அதுல ஒரு சின்ன மூலை. ஆளுங்களோட பேசறது பிடிக்கும்னு சொன்னீங்க இல்லையா, அதுக்கு நேரடியான இடம் சேல்ஸ், ஆனா பல காலேஜ்ல அதுக்குத் தனி மேஜரே கிடையாது, மார்க்கெட்டிங்குக்குள்ள ரெண்டு மூணு கோர்ஸா இருக்கும், தேடிப் பாருங்க. எச்ஆர்னாலும் பேசிக்கிட்டே இருக்கற வேலைன்னு நினைச்சுடாதீங்க, தொழிலாளர் சட்டம், சம்பள அமைப்பு, நிறுவன உளவியல் எல்லாம் படிக்கணும், ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பற பேச்சும் அதே ஆளுங்க தலையிலதான் விழும்.

நீங்க கேக்காத ரெண்டைச் சொல்றேன், ஏன்னா யாருமே கேக்கறதில்ல. ஒண்ணு ஆபரேஷன்ஸ், சப்ளை செயின். எவ்வளவு சரக்கு எப்ப ஆர்டர் பண்றது, அதிகம் வாங்கினா கிடங்குச் செலவு, கம்மியா வாங்கினா அடிக்கடி ஆர்டர் செலவு, இதுக்கு நடுவுல ஒரு அளவு இருக்குன்னு ஃபோர்டு ஹாரிஸ்னு ஒருத்தர் 1913-லயே ஃபார்முலா போட்டுக் கொடுத்தார், இன்னிக்கும் பாடத்துல அது இருக்கு. கிளாஸ்ல கூட்டம் கம்மி, ஆனா பொருளைச் செஞ்சோ வித்தோ பிழைக்கற எந்தக் கம்பெனிக்கும் இந்த ஆள் தேவை. ரெண்டாவது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், கோடிங் டிகிரி அளவுக்கு ஆழம் இல்ல, ஆனா டேட்டாபேஸ், அதுலேருந்து தகவல் எடுக்கற மொழியான எஸ்கியூஎல், சிஸ்டம் அனாலிசிஸ் எல்லாம் வரும், பிசினஸ் பக்கத்துக்கும் டெக் பக்கத்துக்கும் நடுவுல நின்னு பேசறவங்க வேலை இது, உங்க சுபாவத்துக்கு இது ஒத்துப்போகலாம்னு எனக்குத் தோணுது.

ஜெனரல் மேனேஜ்மென்ட், என்டர்ப்ரனர்ஷிப் ரெண்டையும் தனி மேஜரா எடுக்க நான் சொல்லமாட்டேன். தப்பான படிப்பு இல்ல, ஆனா 21 வயசுல இன்டர்வியூல உனக்கு என்ன தெரியும்னு கேட்டா மேனேஜ்மென்ட் தெரியும்னு எப்படிச் சொல்றது? அதை மைனரா, அதாவது சின்னதா ஒரு துணைப் பாடமா வெச்சுக்கிட்டு, இதைச் செய்யத் தெரியும்னு காட்டற மாதிரி ஒரு பாடத்தை மேஜரா எடுங்க. குடும்பத் தொழில் ரெடியா இருக்கறவங்களுக்கு இது பொருந்தாது, அவங்க கணக்கே வேற.

சம்பள விஷயத்துல வீட்ல சொல்றது முழுசாத் தப்பு இல்ல, ஆனா ஃபைனான்ஸ்ங்கற பேருக்குள்ள இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கும் இருக்கு, கிளையில உட்கார்ந்து லோன் அப்ளிகேஷன் பார்க்கற வேலையும் இருக்கு, ரெண்டுக்கும் சம்பளம் மலைக்கும் மடுவுக்கும். மேஜரை விட எந்த இன்டர்ன்ஷிப் கிடைக்குதுங்கறதுதான் முதல் வேலையை அதிகம் தீர்மானிக்குது. முக்கியமான இன்டர்ன்ஷிப் பொதுவா கடைசி வருஷத்துக்கு முந்தின லீவுல வரும், அதுக்கு அப்ளை பண்றது அதுக்கும் பல மாசம் முன்னாடி, அப்ப உங்க ரெசியூமேல குறைஞ்சது ரெண்டு மேஜர் கோர்ஸாவது இருக்கணும். கோர்ஸ் வரிசைன்னு நான் கத்தறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

லைசென்ஸ், சர்டிஃபிகேட் வேணும்னு நினைச்சா அக்கவுண்டிங் மட்டும் தனி ரகம், அதுல எந்த கோர்ஸ் படிச்சீங்கங்கறது கணக்குல வரும். ஏசிசிஏ-ங்கற பிரிட்டிஷ் அக்கவுண்டிங் தகுதித் தேர்வுல முன்னாடி படிச்ச டிகிரியைப் பொறுத்து அதிகபட்சம் 9 பேப்பர் வரைக்கும் விலக்கு கிடைக்கலாம், ஆனா உங்க காலேஜ் உங்க டிகிரிக்கு எத்தனைன்னு அவங்க தளத்துல தேடிப் பார்த்துட்டு எலெக்டிவ் (நீங்களே தேர்ந்தெடுக்கற விருப்பப் பாடம்) எடுங்க, படிச்சு முடிச்சப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. அமெரிக்காவுல அக்கவுண்டன்ட் லைசென்ஸான சிபிஏ-வுக்கு ரொம்ப காலமா 150 கிரெடிட் (படிச்ச கோர்ஸை அளக்கற புள்ளி) கேட்டாங்க, சாதாரண டிகிரி அங்க 120-தான், இப்ப பல மாநிலங்கள்ல 120-ஓட கூடுதல் வேலை அனுபவம் இருந்தாப் போதும்னு வழி வந்திருக்கு. முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தேர்வு அப்படி இல்ல, எந்த மேஜரா இருந்தாலும் எழுதலாம், மூணு லெவல், டிகிரி முடிய 23 மாசம் இருக்கும்போதே முதல் லெவல் எழுத அனுமதி உண்டு. அதனால சிஎஃப்ஏ-வுக்காக ஃபைனான்ஸ் மேஜர்தான் எடுக்கணும்னு கட்டாயம் இல்ல.

டபுள் மேஜர் பத்தி அண்ணன் சொன்னது பாதி சரி. அக்கவுண்டிங்கும் ஃபைனான்ஸும்னா பல கோர்ஸ் பொதுவா வரும், சில காலேஜ்ல ஒரே கோர்ஸை ரெண்டுக்கும் கணக்குல எடுத்துப்பாங்க, சில காலேஜ்ல மாட்டாங்க, விதியைக் கேட்டுக்கோங்க. ஃபைனான்ஸும் மார்க்கெட்டிங்கும்னா பொதுவா வர்றது கம்மி, எலெக்டிவ் எல்லாம் அதுக்கே போயிடும், ஒரு செமஸ்டர் வெளிநாட்டு காலேஜ்ல படிக்கற எக்ஸ்சேஞ்ச் போக இடம் இருக்காது. ரெண்டு மேஜரோட பேரும் சர்டிஃபிகேட்ல வர்றதுக்கு ஒரு செமஸ்டர் நீளும்னா வேண்டாம், மார்க்கெட்டிங் மேஜர், கூட டேட்டாவை அலசற அனலிட்டிக்ஸ் மைனர் மாதிரி ஒரு கூட்டணி அதே வேலையைக் கம்மி செலவுல செய்யும்.

உங்க அடுத்த செமஸ்டருக்கு நான் சொல்றது இது: ஸ்டாடிஸ்டிக்ஸ், ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் ரெண்டையும் போடுங்க, தள்ளாதீங்க, கூட அறிமுக மார்க்கெட்டிங் ஒண்ணு, மீதிக்குக் கட்டாயப் பாடம் எது பாக்கியோ அது. அக்கவுண்டிங் ரொம்ப கஷ்டமான செமஸ்டரா இருக்கும்ங்கறதால அதோட கால்குலஸையும் சேர்த்துப் போட வேண்டாம், அதை அதுக்கடுத்த செமஸ்டருக்கு வெச்சுக்கலாம், உங்க காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸுக்கே கால்குலஸ் முன்நிபந்தனையா இருந்தா மட்டும் மாத்தி எடுங்க. செமஸ்டர் முடிஞ்சதும் மார்க்கை மட்டும் பார்க்காதீங்க, எந்த ஹோம்வொர்க்கை யாரும் சொல்லாம முதல்ல எடுத்தீங்க, எதைக் கடைசி ராத்திரி வரைக்கும் இழுத்தீங்கன்னு பாருங்க, அதை எழுதி அனுப்புங்க, அப்ப மேஜரைப் பேசலாம்.