கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுக்கலாமா?

கேள்வி: சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கைக்கு 17,000 ரூபாய் வருகிறது, கணவருக்கு 38,000. ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். சபையில் வருமானத்தில் பத்தில் ஒன்றாக மாதம் 5,500 தசமபாகம் கொடுக்கிறோம். ஆலயக் கட்டிட நிதிக்கு 50,000 தருவதாகப் பொருத்தனை செய்து, மாதம் 2,500 வீதம் 20,000 கட்டிவிட்டோம். கிரெடிட் கார்டில் 1,40,000 பாக்கி. மினிமம் மட்டும் 7,000 கட்டுகிறோம். பெர்சனல் லோன் தவணை 8,100, இன்னும் 38 மாதம். ஒரு நிதி நிறுவனத்தில் நகைக்கடன் 1,80,000, வட்டி மாதம் 1,800. வாடகை 9,000, எல்ஐசி 2,600, பள்ளிக் கட்டணமும் வேனும் 4,000, வீட்டுச் செலவு 19,500. என் அம்மாவிடம் வட்டியில்லாமல் ஒரு லட்சம் வாங்கியிருக்கிறோம், அவர்கள் கேட்பதில்லை. கடன் தீரும்வரை தசமபாகத்தை நிறுத்தலாம் என்கிறார் கணவர். நிறுத்தினால் சாபம் வரும் என்று எனக்குப் பயம். டெர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுப்பது அவிசுவாசமா? சபையில் ஒரு சகோதரர் 5 லட்சம் லோனுக்கு என் கணவரை ஜாமீன் கேட்கிறார், போடலாமா? ஞானஸ்நானம் எடுத்தபின் நான் நகை போடுவதில்லை. பீரோவில் நாலு பவுன் இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிறேன். அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பதில்: சகோதரி, வசனத்துக்குப் போகுமுன் கூட்டிப் பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதியிருக்கும் செலவுகள் மொத்தம் 60,000. வரவு 55,000. மாதா மாதம் துண்டு விழும் 5,000-க்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. இருபதாம் தேதிக்கு மேல் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கார்டைத் தேய்க்கிறீர்கள்.

அந்தக் கார்டு ஸ்டேட்மென்ட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் கார்டு வகைக்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,40,000-க்கு ஒரு மாத வட்டி 4,900. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 882. ஆக 5,782. நீங்கள் கட்டும் 7,000-ல் அசலுக்குப் போவது 1,218 ரூபாய்தான். அதே மாதம் புதிதாக 5,000 தேய்க்கிறீர்கள். பழைய பாக்கி நிற்பதால் அந்தப் புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஒழுங்காக மினிமம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள். உள்ளே கடன் மாதம் நாலாயிரம் அளவுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது காணிக்கைக்கு வருவோம். துண்டு விழும் தொகையும் தசமபாகத் தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? சம்பளம் வந்ததும் முதலில் 5,500 எடுத்து வைத்துவிடுகிறீர்கள், அதனால் அது உங்கள் பணத்திலிருந்து போவதாகத் தோன்றுகிறது. மாதம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது வருஷத்துக்கு 42 சதவீத வட்டிக்கு வாங்கிய பணம். தாவீது ராஜாவுக்கு அர்வனா என்பவர் தன் களத்தையும் மாடுகளையும் சும்மா தர முன்வந்தபோது, இலவசமாய் வாங்கிப் பலி செலுத்தமாட்டேன் என்று விலை கொடுத்து வாங்கினார் (2 சாமுவேல் 24:24). தன்னுடையதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அங்கே இருக்கிற நியாயம். மிசோரமில் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஊழியத்துக்குக் கொடுக்கும் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. பானையில் இருக்கும் அரிசியிலிருந்து எடுக்கிறார்கள். கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கி எடுப்பதில்லை.

இதைப் படித்ததும் உங்கள் கணவர் "நான் சொன்னேன்ல" என்று சொல்வார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தசமபாகத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதப் போவதில்லை. இந்தக் குடும்பத்தில் பணம் கசியும் இடம் கார்டு. அதை அடைக்க உங்களிடம் வழி இருக்கிறது, பீரோவுக்குள்.

நாலு பவுனை விற்றுவிடுங்கள். இன்றைய விலைக்குக் கார்டு பாக்கி முழுவதும் தீரும், அம்மாவின் ஒரு லட்சமும் தீரும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அடகு வைக்கலாமே என்று கேட்பீர்கள். வட்டி குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஏற்கெனவே ஒரு நகைக்கடனுக்கு வட்டி மட்டும் கட்டி வருஷா வருஷம் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் இரண்டாவது அடகுச் சீட்டு வேண்டாம். எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையின் கதை உங்களுக்குத் தெரியும். கடன்காரன் அவள் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்துவிட்டான். வீட்டில் ஒரு குடம் எண்ணெய்தான் இருந்தது. அந்த எண்ணெயால் அற்புதமாகப் பாத்திரங்களெல்லாம் நிரம்பியபின் தீர்க்கதரிசி சொன்ன வார்த்தை: "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்" (2 இராஜாக்கள் 4:7). அற்புதத்தைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த வரிசையைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. விற்பது, கடன், அப்புறம் சாப்பாடு.

பெண் பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. மூத்தவளுக்கு ஒன்பது வயது. அவள் கல்யாணத்துக்குள் இந்தக் கார்டு வட்டி நாலு பவுனைப் பல தடவை விழுங்கிவிடும். தவிர, போடுவதே இல்லை என்று தீர்மானம் எடுத்த வீட்டில் அந்த நகை யாருக்காகக் காத்திருக்கிறது என்று நீங்களும் கணவரும் ஒரு முறை பேசிப் பாருங்கள்.

அம்மா விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு நெருடிய இடம் அதுதான். கடன் பட்டியலில் அவர்கள் பெயர் கடைசியில் வருகிறது, ஜெபக் குறிப்பில் அவர்கள் கண் வருகிறது. இந்த இரண்டும் ஒரே விஷயமாக இருக்கலாம் என்று நீங்கள் யோசித்தீர்களோ என்னவோ. அவர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது பயத்தினாலா, கையில் பணம் இல்லாததாலா? நம் அம்மாக்கள் இரண்டாவது காரணத்தை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று மாற்கு 7-ல் வாசித்துப் பாருங்கள். நீங்கள் கைகழுவியவர் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் வட்டி இல்லாத கடன் என்பதால் அது கடைசி வரிசைக்குப் போய்விட்டது. வட்டிக் கணக்குப்படி பார்த்தால் அது சரியான வரிசைதான், நானே வேறு குடும்பங்களுக்கு அப்படித்தான் சொல்வேன். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. நகை விற்ற பணத்தில் கார்டு தீர்ந்ததும் அடுத்து அம்மா. மிச்சம் இருப்பதை நகைக்கடன் அசலில் கட்டுங்கள். மீதிக் கடனை தேசிய வங்கி ஒன்றுக்கு மாற்றினால் வட்டி குறையுமா என்று அடுத்த முறை திருப்பும் முன் விசாரியுங்கள்.

இப்படிச் செய்தால் மாதக் கணக்கு எப்படி நிற்கும்? கார்டுக்குப் போன 7,000 நின்றதும் செலவு 53,000. தசமபாகம் உட்பட எல்லாம் போக 2,000 கையில் நிற்கும். பயந்தபடி எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று. தசமபாகம் நீங்கள் பயத்திலும் அவர் எரிச்சலிலுமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று பவுல் எழுதியது (2 கொரிந்தியர் 9:7) இந்த மாதிரி வீட்டுக்குத்தான். மல்கியா 3-ஐ வைத்துத் தசமபாகம் தராவிட்டால் சாபம் என்று பேசுகிறவர்கள் அதே தசமபாகம் மூன்றாம் வருஷத்தில் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போக வேண்டும் என்று உபாகமம் 14-ல் இருப்பதையும் சேர்த்துப் படித்தால் நன்றாயிருக்கும். பத்தில் ஒன்று என்பது இன்றும் கட்டளையா, நல்ல பழக்கமா என்பதில் சபைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. அதைத் தீர்த்து வைக்க நான் போதகன் இல்லை. (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்திலா, கைக்கு வருவதிலா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களைத் தனியாக ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன்.) இருவரும் உட்கார்ந்து ஒரு தொகையை ஒத்த மனதாய்த் தீர்மானியுங்கள். அது 5,500 ஆக இருந்தாலும் சரி, 3,000 ஆக இருந்தாலும் சரி. நகையை விற்க மனமே வரவில்லை என்றால் என் பதில் வேறு: கார்டு தீரும்வரை காணிக்கையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும், உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்பதும் பவுலின் அதே நிருபத்தில்தான் இருக்கிறது.

கட்டிட நிதியைத் தசமபாகம் போல நான் பார்க்கவில்லை. அது நீங்களாக வாய் திறந்து சொன்ன பொருத்தனை. செலுத்தத் தாமதியாதே என்கிறது பிரசங்கி புத்தகம். அதனால் கைவிடச் சொல்லமாட்டேன். பாஸ்டரை நேரில் பார்த்து, மீதி 30,000-ஐ மாதம் 1,000 வீதம் முப்பது மாதத்தில் தருகிறோம் என்று சொல்லுங்கள். வாக்கும் நிற்கும், மாதம் 1,500 மிஞ்சும். இதற்குக்கூட முகம் சுளிக்கிற போதகராக இருந்தால் அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

இன்சூரன்ஸ் அவிசுவாசம் என்றால் பஞ்சத்துக்கு முன் ஏழு வருஷம் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பை என்ன சொல்வது? தன் வீட்டாரை விசாரியாதவன், அதாவது கவனித்துக்கொள்ளாதவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8-ல் இருக்கிறது. வீட்டின் வருமானத்தில் பெரும்பங்கு கொண்டுவருகிறவர் இல்லாமல் போனாலும் அந்த விசாரிப்பு தொடர வேண்டும். முதலில் இந்த வாரமே இருவரும் உங்கள் வங்கிக் கிளையில் பிரதமரின் ஜீவன் ஜோதி (வருஷம் 436 ரூபாய்), சுரக்ஷா (20 ரூபாய்) ஆகிய இரண்டு காப்பீட்டுத் திட்டங்களிலும் சேர்ந்துவிடுங்கள். முதலாவது எந்த மரணத்துக்கும், இரண்டாவது விபத்து மரணத்துக்கும் தலா 2 லட்சம் தரும். அடுத்து கணவர் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி. வயதும் உடல்நிலையும் பொறுத்தது, என்றாலும் மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி முடியக்கூடியது. பழைய எல்ஐசி பாலிசியை இப்போதைக்குத் தொட வேண்டாம். மிஞ்சும் 3,500-ல் இந்தப் பிரீமியம் போக 2,500-ஐ ஆர்டியில் (மாதா மாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள். அது அவசரத்துக்கான பணம், அது இல்லாததால்தான் கார்டு வந்தது.

ஜாமீன் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்காரருக்கும் உண்டு. வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாதவரை, வங்கி அவரை விட்டுவிட்டு நேராக உங்கள் கணவரிடமே வரலாம். அந்த லோன் உங்கள் கணவரின் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையிலும் ஏறும். நீதிமொழிகள் இதையே இன்னும் உறைக்கும்படி சொல்கிறது: செலுத்த ஒன்றும் இல்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்கள் (22:27). சகோதரரிடம் மழுப்ப வேண்டாம், ஜெபித்துச் சொல்கிறேன் என்று இழுக்கவும் வேண்டாம். "எங்களுக்கே கடன் இருக்கு, என்னால கையெழுத்துப் போட முடியாது" என்று கணவர் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

நகை விற்கும்போது சில விஷயம். இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். பழைய நகைக்குப் புது நகைதான் தருவோம் என்று சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கல்லின் எடையைக் கழித்தபின் எவ்வளவு கிராம், என்ன தரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். உங்கள் நகை, உங்கள் சம்பளமும் குறைவு என்பதால் மூலதன ஆதாய வரி வராது என்றே கணிக்கிறேன். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கார்டுக்கு ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் தொகையை மட்டும் கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டும் தேதிக்கும் இடையிலான வட்டி அடுத்த மாதம் தனியாக வந்து நிற்கும். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, கணக்கை மூட இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அதைக் கட்டுங்கள். பிறகு கார்டை ரத்து செய்யச் சொல்லி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மளிகை ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அன்றே அழித்துவிடுங்கள்.