கழுத்தை மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவிலில் ஆலயப் பாடகர் குழுவில் வெகுகாலம் கிதார் வாசித்தவரிடமிருந்து 28,000 ரூபாய்க்கு ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிதார் வாங்கினேன். கழுத்தின் பின்புறம் 'மேட் இன் ஜப்பான்' என்ற எழுத்தும், 'எம்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கின்றன. 21 ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்). 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் முதல் தந்தியை வளைத்தால் ஓசை சட்டென்று நின்றுவிடுகிறது. கழுத்தின் நடுப்பகுதியில் தந்திகள் உயரமாக நிற்கின்றன. கடைக்காரர், "இதில் ட்ரஸ் ராடே இல்லை, கழுத்து போய்விட்டது. வேறு கழுத்து போட 15,000 ஆகும். இல்லையென்றால் இதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என்ன செய்வது? கூடவே கிடைத்த ஜப்பானிய ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) இங்கே பயன்படுத்தலாமா?

பதில்: கிதாரைக் கொடுக்காதீர்கள். கழுத்தையும் மாற்றாதீர்கள். கடையில் விட்டிருந்தால் இன்றே போய் எடுத்து வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

'எம்' என்ற எழுத்தின்படி உங்கள் கையில் இருப்பது 1992, 1993 வாக்கில் செய்யப்பட்ட கிதாராக இருக்கலாம். ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஜப்பானில் தயாரிப்பைத் தொடங்கியது. நாகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ நகரில் ஃபுஜிகென் தொழிற்சாலை அந்தக் கிதார்களைச் செய்து கொடுத்தது. அமெரிக்காவின் பழைய 1957, 1962 வடிவங்களை அளவு பிசகாமல் திரும்பச் செய்வதில் அவர்கள் காட்டிய அக்கறை, அன்று அமெரிக்கத் தொழிற்சாலையையே நாணவைத்தது. உங்களுடையது அந்த வரிசையைச் சேர்ந்தது என்பதற்கு 21 ஃப்ரெட் ஓர் அடையாளம். ட்ரஸ் ராடைத் திருகும் வாய் வெளியே கண்ணில் படாதது இன்னோர் அடையாளம்.

எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. எண்களின் தொடக்கத்தில் வரும் அந்த எழுத்துகள் ஒன்றின் காலத்தில் ஒன்று புகுந்து கிடப்பவை. அதைவிட முக்கியம், எண் இருப்பது கழுத்தில். கழுத்தோ நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டது. கழுத்து ஒரு கிதாருடையதாகவும் உடல் வேறொரு கிதாருடையதாகவும் இருக்கலாம். எண்ணைக் காட்டி "வின்டேஜ்" என்று விலையை இரட்டிப்பாக்கும் தரகர்கள் இதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். நல்லவேளையாக நீங்கள் நியாயமான விலைக்குத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

இப்போது ட்ரஸ் ராட். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி அது. தந்திகளின் இழுவைக்குக் கழுத்து வளையாமல் எதிர்த்துப் பிடிக்கும். பெரும்பாலான கிதார்களில் அதைத் திருகும் வாய் தலைப்பக்கம், நட்டுக்கு (தந்திகள் கழுத்தின் தலைமுனையில் படியும் சிறு கட்டைக்கு) மேலே இருக்கும். பழைய வடிவக் கிதார்களில் அது கழுத்தின் அடிமுனையில், உடலுக்குள் புதைந்திருக்கும். கழுத்தைக் கழற்றினால்தான் கண்ணில் படும். குறுக்காக இரண்டு வெட்டுள்ள வட்டத் தலை ஒன்று தெரியும். உங்கள் கடைக்காரர் தலைப்பக்கம் பார்த்தார், துளை இல்லை, "ராடே இல்லை" என்று சொல்லிவிட்டார். இந்த ஒரே காரணத்துக்காகக் கழுத்து மாற்றப்பட்ட கிதார்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய நல்ல கழுத்து எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் வராது. அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

கழற்றுவதற்கு முன் வளைவை அளந்துகொள்ளுங்கள். சுருதி சேர்த்த நிலையில் ஆறாம் தந்தியை (மிகத் தடித்ததை) முதல் ஃப்ரெட்டிலும் 17ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், 8ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருக்கவேண்டும். இரண்டு மூன்று கார்டு நுழைந்தால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. நாகர்கோவிலின் ஈரக்காற்றில் கழுத்து அசைவது நோயல்ல; மரத்தின் இயல்பு.

கழற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். ஆறு தந்திகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். கிதாரைக் கவிழ்த்து மெத்தென்ற துணிமீது வையுங்கள். பின்தகட்டின் நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டு, கழுத்தையும் உடலையும் சேர்த்துப் பிடித்தபடி கிதாரை நிமிர்த்தி, கழுத்தைப் பக்கவாட்டில் அசைக்காமல் நேராக மேலே தூக்குங்கள். அப்போது அந்தக் குழியில் மெல்லிய அட்டைத் துண்டோ மரச்சில்லோ கிடந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். கழுத்தின் சாய்வுக்காக வைக்கப்பட்டது அது. எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் திரும்ப வைக்கவேண்டும். வெட்டுக்குப் பொருத்தமான அகலமுள்ள ஸ்குரூ டிரைவரால் வலப்பக்கமாகக் கால் சுற்று. அவ்வளவுதான். அரைச் சுற்று வேண்டும் என்று தோன்றினாலும் கால் சுற்றோடு நிறுத்துங்கள். திருகு இறுகி நின்றால் முரட்டுத்தனம் வேண்டாம், அங்கேயே விட்டுவிட்டு நல்ல ஆளைத் தேடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது திருகாணியைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று கொஞ்சம் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலப்பக்கம் முறுக்கினால் கையாலேயே பாதி தூரம் போய்விடும். இதைச் செய்யாமல் மின்சாரத் திருகியை வைத்து முறுக்குகிறவர்கள் 30 ஆண்டு பத்திரமாக இருந்த மரையை ஒரே நிமிடத்தில் அரைத்துவிடுகிறார்கள். தந்தியேற்றி, சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டு மறுநாள் அளந்து பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று.

முதல் தந்தியை வளைத்தால் ஓசை நின்றுபோவது வேறு விஷயம். அது கழுத்தின் கோளாறே அல்ல. சிறு பானையின் வளைவு அதிகம், அண்டாவின் வளைவு குறைவு அல்லவா? விரல்பலகையும் அப்படித்தான். பழைய வடிவத்தின் பலகை 7.25 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. பிந்தைய அமெரிக்கக் கிதார்கள் பலவற்றில் அது 9.5 அங்குலம். ஓரத்திலிருக்கும் மெல்லிய தந்தியை நீங்கள் நடுவை நோக்கித் தள்ளும்போது அது மேடேறுகிறது. அதன் மறுமுனையோ பிரிட்ஜின் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதியின்) தாழ்ந்த ஓரத்தில் மாட்டியிருக்கிறது. இடையிலுள்ள ஃப்ரெட் ஒன்றின் முதுகில் தந்தி உரசுகிறது, ஓசை சாகிறது. 1962 கிதாரிலும் இதே கதைதான்.

மருந்து எளிது. இந்த வளைவுக்கு ஃபெண்டர் சொல்லும் உயரம், 17ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கு 2 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 1.6. நீங்கள் தந்தியை அதிகம் வளைப்பவர் என்றால் மெல்லிய தந்திகளையும் 2 வரை உயர்த்துங்கள். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு சிறு திருகுகள் இருக்கின்றன. ஜப்பானியக் கிதார் ஆதலால் மெட்ரிக் அளவுள்ள ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) வேண்டும். பொருந்தாததைத் திணித்தால் தலை தேய்ந்துவிடும். கடைக்காரர்கள் இதைச் சொல்லாமல், எல்லா ஃப்ரெட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அனுமதி கேட்பார்கள். தேய்த்த உலோகம் திரும்ப வளராது.

இந்த நாட்டில் கிதார் கற்றுக்கொடுக்கத் தெருவுக்கு ஓர் ஆள் கிடைக்கிறார். பழுதுபார்க்கக் கற்பவருக்கோ பாடத்திட்டமும் சான்றும் கிடைப்பது அரிது. கடையில் நின்று, பிறர் கிதாரைக் கெடுத்துக் கற்றவர்களே அதிகம். ஒரு சுருள் ஃப்ரெட் கம்பியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நான் எழுதிய கடிதங்களும் காத்திருந்த வாரங்களும் கம்பியின் விலையைவிடப் பெரிய செலவு. நேர்மையான ஆள் இதில் எப்படி நிலைப்பார்? கழுத்தை விற்பதுதான் சுலபம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அதற்காக அதை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை.

இனி எந்தக் கடையில் கொடுப்பதானாலும் இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள். கேபிளைக் கிதாரில் சொருகி, ஒலியளவை முழுக்க வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனியிலும் தண்டிலும் மின்தடையை அளக்கும் மல்ட்டிமீட்டரின் இரு முனைகளைத் தொடுங்கள். 20 கிலோ ஓம் அளவையில் வையுங்கள். சுவிட்சை முன், நடு, பின் என்று மாற்றி, வரும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு கிலோ ஓம் அளவில் வரும். கிதார் திரும்பி வந்ததும் அதே சோதனை. எண்கள் வெகுவாக மாறியிருந்தால் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாறியிருக்கலாம். மேல்தகட்டைக் கழற்றாமலே பிடித்துவிடலாம். அத்துடன் உடல், கழுத்தின் அடி, எண், பின்தகடு எல்லாவற்றையும் கடைக்காரர் கண்முன்னாலேயே படமெடுங்கள். அதில் கோபப்படுகிறவரிடம் கிதாரைக் கொடுக்கவேண்டாம்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மின்பொருள் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு துளி அடித்து, 20 முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். "வயரிங் முழுக்க மாற்றவேண்டும்" என்பதை நம்பாதீர்கள்.

உண்மையாகவே செலவு வைக்கக்கூடியது ஒன்றுதான்: முதல் மூன்று ஃப்ரெட்டுகள். ஆலயத்தில் ஆண்டுக்கணக்கில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் பிடி) பிடித்த விரல்கள் அங்கே பள்ளம் போட்டிருக்கும். நகத்தை ஓட்டினால் தெரியும். பள்ளம் ஆழமாகி, அங்கே மட்டும் தந்தி கிரீச்சிட்டால் அந்த ஃப்ரெட்டுகளை மாற்றலாம். அதற்கும் கழுத்து அதே கழுத்துதான்.

ஆம்ப்பின் பின்புறத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. தகட்டில் 100 என்றிருந்தால் நேரே சொருகக்கூடாது, உள்ளே புகையும். 230ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அதன் வாட் அளவு, ஆம்ப்பின் தகட்டில் மின்சாரச் செலவாகக் குறித்திருப்பதைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். சுவரிலுள்ள மூன்றாவது துளையில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்காமல், ஒரு கையில் தந்தியும் உதட்டருகே மைக்கும் வைத்துக்கொண்டு பாட நிற்காதீர்கள்.