தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? நம் பக்கத்துப் பிள்ளைகள் அதில் நுழைய முடியுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டில் சக்கர ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருக்கிறது என்றும், அது கனடா ஆட்டங்களை யூடியூபில் பார்த்துவிட்டு இனி இதுதான் என் தொழில் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு ஐஸ் ஹாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பரதராமியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தமிழ் பேசும் கிராமம் ஒன்று என் ஊர். ராணுவத்தில் இருந்தபோது லடாக்கின் லே நகரில் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறேன். நான் அந்த ஆட்டத்தை ஆடியவன் அல்லன். ஆடுகளத்துக்குத் தண்ணீர்க் குழாய் பிடித்தவன்.

முதலில் இந்தத் தொழிலின் உச்சி எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) 32 அணிகள் உள்ளன. 2025-26 பருவம் வரை அக்டோபர் முதல் ஏப்ரலுக்குள் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடிவந்திருக்கிறது. ஒரு வீரர் முக்கால் நிமிட அளவுக்கு உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவார், மூச்சு வாங்குவார், மறுபடி இறங்குவார். 2025-26 பருவத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர், அதாவது நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல். இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். ஆனால் இளம் வீரர்கள் பலரின் ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளங்கள் எழுதப்பட்டிருக்கும் என்பதையும், கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்ட நாள் முதல் சிறிய தொகைதான் கைக்கு வரும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. தெற்காசிய வம்சாவளியிலிருந்து முதன்முதலாக அந்த லீக்கில் ஆடிய ராபின் பாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-க்கும் 1994-க்கும் இடையில் நான்கு அணிகளின் சட்டையை அணிந்தும் அவர் ஆடியவை மொத்தம் 61 ஆட்டங்கள்தாம். மற்ற காலமெல்லாம் கீழ்நிலை லீக்குகளிலேயே கழிந்தது. தொழில்முறை வீரர் என்றால் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்தான்.

காயங்களைப் பற்றி நீளமாக எழுதிப் பயமுறுத்த விரும்பவில்லை. பக் என்கிற அந்த ரப்பர் வட்டு ஏறக்குறைய 170 கிராம் எடையுள்ளது. உறைய வைத்த பிறகே ஆட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். பஞ்சாபித் தந்தைக்குப் பிறந்த மானி மல்ஹோத்ரா 2011-இல் வான்கூவர் அணிக்காக ஆடியபோது பக் அவர் இடது கண்ணில் பட்டது. அதன் பிறகும் ஆடி, 991 ஆட்டங்களோடு விடைபெற்றார். 2023-இல் இங்கிலாந்தில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் கழுத்தில் ஸ்கேட்டின் தகடு பட்டு இறந்தார். கழுத்துக் காப்பு அணிவதைப் பல லீக்குகள் கட்டாயமாக்கியது அதற்குப் பின்னர்தான்.

இப்போது நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். லேயில் இயற்கைப் பனித்தளம் தானாக உருவாகிவிடாது. மைதானத்தைச் சமன்செய்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, நள்ளிரவில் குளிர் சுழியத்துக்குக் கீழே இருபது பாகையை நெருங்கும் நேரத்தில் தண்ணீரை மெல்லிய படலமாக விட வேண்டும். அது முழுவதும் உறைந்த பிறகே அடுத்த படலம். நம் வீட்டுப் பெண்கள் திண்ணை மெழுகுவதைப் போலப் பொறுமையாக, கைத்தடம் தெரியாமல் செய்ய வேண்டிய வேலை அது. அவசரப்பட்டு மொத்தமாகத் தண்ணீரை விட்டால் மேலே உறைந்து அடியில் ஈரம் நிற்கும். மறுநாள் ஒருவர் வேகமாக வந்து திரும்பும் இடத்தில் தளம் உடைந்துவிடும். குழாயைச் சற்று நேரம் கீழே வைத்தால் உள்ளேயே உறைந்துபோகும் என்பதால் முறை வைத்துப் பிடித்துக்கொண்டிருப்போம். பகலில் காற்று கொண்டுவந்து போடும் புழுதியை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளாவிட்டால் ஸ்கேட்டின் தகடு மழுங்கிவிடும். இவ்வளவு பாடுபட்டும் அந்தத் தளம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரைதான் நிற்கும்.

எங்களோடு இருந்த லடாக்கிப் பையன் ஒருவனின் வேகத்தைக் கண்டு வியந்திருக்கிறேன். கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டரில் நாங்கள் நடக்கவே மூச்சிரைக்கும்போது அவன் பாய்ந்து போவான். அவனுக்கு உடல் வலுவிலோ துணிச்சலிலோ எந்தக் குறையும் இல்லை. கோடை முழுவதும் தார்ச்சாலையில் சக்கர ஸ்கேட்டோடு பழகுவான். ஐஸ் கிடைக்கும் சில வாரங்களில் கற்பதற்கு நேரம் இருக்காது, உருகுவதற்குள் போட்டிகளை ஆடி முடிக்க வேண்டும். கனடாவில் நான்கைந்து வயதில் களமிறங்கும் குழந்தைக்குச் செயற்கைத் தளம் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. பதினெட்டு வயதில் என்.எச்.எல். அணிகள் ஏழு சுற்றுகளில் 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் பதின்மூன்று ஆண்டுப் பனியைக் கால்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். லடாக்கில் பிறந்தவனாலேயே எட்ட முடியாத கணக்கு இது. ராணுவக்காரன் பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கிறான் என்று யாரும் என்மீது பாய வேண்டாம். குறை பிள்ளைகளிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இந்தியாவில் இந்த ஆட்டத்தால் சோறு கிடைக்கவே கிடைக்காது என்பதும் சரியன்று. 1989-இல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்த நாம் ஒலிம்பிக் பக்கம் இன்னும் போனதில்லை. சம்பளம் கொடுக்கும் லீக்கும் இங்கே இல்லை. ஆனால் ராணுவமும் இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையும் அணிகள் வைத்திருக்கின்றன. லேயில் ‘கேலோ இந்தியா’ குளிர்காலப் போட்டிகளில் அவை ஆடுகின்றன. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற நம் பெண்கள் அணியில் பெரும்பாலோர் லடாக்கிப் பெண்களே. ஆக, இங்கே இந்தத் தொழிலுக்கு நிலையான சம்பளம் என்பது சீருடைச் சம்பளம். சீருடையை இளக்காரமாக நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. என் குடும்பம் சாப்பிட்டதும் அந்தச் சம்பளத்தில்தான்.

என் மனத்தில் ஆறாமல் இருப்பது வேறொன்று. என் மகள் குடியாத்தத்தில் படித்தாள். பள்ளி நேரம் முடிந்ததும், சக்கர ஸ்கேட்டோடு ஆடும் ரோலர் ஹாக்கி ஆடினாள். மாநில அணிக்கான வீரர் தேர்வுக்குப் போனபோது, தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஆதார் சித்தூர் மாவட்டத்தது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆந்திரப் பக்கத்தில் பள்ளிச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது என்றார்கள். தெலுங்கில் எழுதிய விண்ணப்பமும் தமிழில் எழுதிய விண்ணப்பமும் இன்னும் என் பீரோவில் கிடக்கின்றன. அவள் ஆடுவதை ஒருவரும் பார்க்கவில்லை, தாள்களை மட்டுமே பார்த்தார்கள். எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளை சிறுவயதில் இருந்தால் ரோலர் ஹாக்கியை விடாமல் ஆடட்டும். திருப்பமும் பார்வையும் அதில் படியும், ஆனால் சறுக்கி நிற்கும் முறையை ஐஸில் புதிதாகத்தான் கற்க வேண்டும். 2011-இல் கட்டி, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-இல் மீண்டும் திறக்கப்பட்ட டேராடூன் உள்ளரங்கத் தளத்தில் விடுமுறைப் பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதற்கும் முன்பாக, ஆதார் முகவரியும் பள்ளிச் சான்றிதழும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.